ஃப்ரீசர் பேப்பரை மடித்துத் தைக்கும் குவில்ட் கட்டங்கள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, குவில்ட் எனப்படும் போர்வையைத் தைப்பவர்கள், சதுரங்களில் கை பழகியதும் முக்கோணங்களுக்கு ஆசைப்படுவது வழக்கம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. செங்கோண முக்கோணமாக வெட்டும்போது ஒரு பக்கமாவது துணியின் இழைக்குச் சாய்வாகப் போகும் என்பதால், தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் அந்த விளிம்பு கையில் எடுத்தாலே இழுபட்டு நீளும். ஒவ்வொரு தையலிலும் ஓர் இழை அளவு பிசகினால்கூட, பதினாறு கட்டங்களைச் சேர்த்து முடிக்கும்போது முனைகள் ஒன்றோடொன்று சேராமல் மழுங்கிவிடும். இந்தப் பிசகைத் தவிர்க்க, துணிக்கு அடியில் ஒரு தாளை வைத்து அந்தத் தாளின் கோட்டின்படியே தைப்பதுதான் பேப்பர் பீசிங் எனப்படும் முறை.

இதில் இரண்டு வகை உண்டு. பொதுவாகக் கற்றுக்கொடுக்கப்படும் வகையில், சாதாரணத் தாளின் மேலேயே நெருக்கமாகத் தையல் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு தாளைக் கிழித்து எடுப்பார்கள். கிழிக்கும்போது தையல் தளர்ந்துபோகும். முனைகளில் சிக்கிய தாள் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக ஒரு தாள் வேண்டும். இரண்டாவது வகையில், ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய ஃப்ரீசர் பேப்பரைத் துணியின் உள்பக்கத்தில் இஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, கோட்டின் மேல் தாளை மடித்து ஒதுக்கி, மடிப்பை ஒட்டித் துணியில் மட்டும் தைக்கிறோம். ஊசி தாளைத் தொடுவதில்லை. ஒரே தாளைப் பல முறை பயன்படுத்தலாம், கிழிக்கும் வேலையும் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் நேரடியாக இரண்டாவது வகையிலேயே தொடங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. கால் அங்குல அளவுக்கான தனிப் பாதம் தையல் மெஷினில் இல்லாதவர்களுக்கும் இது கைகொடுக்கும், ஏனென்றால் இங்கே வழிகாட்டுவது மடிப்பு மட்டுமே.

தாள்

ஃப்ரீசர் பேப்பர் என்பது ஒரு பக்கம் சாதாரணத் தாளாகவும், மறு பக்கம் மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சுடனும் இருக்கும் தாள். அமெரிக்காவில் இறைச்சியைச் சுற்றி ஃப்ரீசரில் வைப்பதற்காக மளிகைக் கடைகளில் 18 அங்குல அகலச் சுருளாக விற்கிறார்கள். இஸ்திரிச் சூட்டில் அந்தப் பூச்சு இளகித் துணியைப் பற்றிக்கொள்ளும், ஆறிய பிறகு உரித்தால் கறையில்லாமல் வந்துவிடும். இந்த ஒரு குணத்துக்காகத்தான் குவில்ட் தைப்பவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள்.

மும்பையில் இதை மளிகைக் கடையில் எதிர்பார்க்க முடியாது. கிராஃபர்டு மார்க்கெட்டில் கேக் செய்வதற்கான பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டால் பட்டர் பேப்பரையோ பார்ச்மென்ட் பேப்பரையோ எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் உதவாது. பார்ச்மென்ட் எதிலும் ஒட்டாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. மெழுகு பூசிய தாளோ துணியில் மெழுகுக் கறையை விட்டுவிடும். இணையத்தில் வாங்குவது அல்லது அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் ஒரு சுருள் கொண்டுவரச் சொல்வது என்ற இரண்டு வழிகளே நம்பகமானவை, ஒரு சுருள் பல காலம் வரும். அதுவரை கை பழகுவதற்கு ஒரு மாற்று உண்டு: ஜெராக்ஸ் கடைகளில் ஏ4 தாள் கட்டுகளைச் சுற்றி வரும் உறைகளில் சிலவற்றின் உள்பக்கத்தில் இதே போன்ற மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். எல்லா உறைகளுக்கும் அது பொருந்தாது என்பதால், வேண்டாத துணித் துண்டு ஒன்றில் ஒட்டி, உரித்து, கறை விழவில்லை என்று உறுதிசெய்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

தாள் எதுவாக இருந்தாலும், கோடு வரைவதற்கு முன்பே அதை ஒரு முறை இஸ்திரி போட்டு எடுத்துவிடுங்கள். ஃப்ரீசர் பேப்பர் முதல் சூட்டில் சற்றே சுருங்கும். வரைந்த பிறகு சுருங்கினால் 4 அங்குலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கட்டம் அதைவிடச் சிறிதாகிவிடும். பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி, மேசைமேல் விரித்த பருத்தித் துணியில் வைத்துத் தேய்த்தால் தாள் அந்தத் துணியில் லேசாக ஒட்டும், ஆறியதும் உரித்துக்கொள்ளலாம். பளபளப்பான பக்கத்தில் மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடக் கூடாது. வைத்தால் பூச்சு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த துணியைப் பாழாக்கும்.

துணி

நெசவு நெருக்கமான, மிதமான கனமுள்ள பருத்தித் துணியே இதற்கு ஏற்றது. பாப்லினும் கேம்பிரிக்கும் நன்றாக மடியும், இஸ்திரி போட்டால் அப்படியே நிற்கும். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் இவை மீட்டர் கணக்கில் கிடைக்கும், தாதரில் ஹிந்த்மாதா பக்கத்துக் கடைகளிலும் தேடலாம். ஆனால் நிறங்களின் வரிசை வேண்டுமென்றால், நம் வீட்டுப் பெண்கள் புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்தப் போகும் மேட்சிங் சென்டருக்கு நிகராக எதையும் சொல்ல மாட்டேன். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு மேட்சிங் கடையில் நின்றால், ஒரே பச்சையில் கிளிப்பச்சை, பாசி, இலை என்று அடுக்கி வைத்திருப்பார்கள். குவில்ட் கட்டத்துக்கு இருட்டும் வெளிச்சமுமாக நிறங்களைப் படிப்படியாக அமைக்க அந்த அடுக்கே போதும்.

அங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. டூ பை டூ ரூபியா என்று விற்கப்படும் ரவிக்கைத் துணி மெல்லியது, எனவே வெளிர் நிறத்துக்கு அடியில் கருநிறத் தையல் ஓரம் வந்தால் வெளியே நிழலாகத் தெரியும். அதற்கான தீர்வைத் தையல் பகுதியில் சொல்கிறேன். இரண்டாவது, பருத்தி என்று கேட்டு வாங்கினாலும் சில துணிகளில் பாலியஸ்டர் கலந்திருக்கும். அது கூர்மையாக மடியாது, சூட்டையும் தாங்காது. விளிம்பிலிருந்து நான்கைந்து இழைகளை உருவி, ஒரு தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலால் தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

வாங்கிய துணியை நனைத்து, நிழலில் உலர்த்தி, பிறகுதான் வெட்ட வேண்டும். அடர் சிவப்பையும் நீலத்தையும் கையால் அச்சிட்ட துணிகளையும் தனித்தனியாக, தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும்வரை அலச வேண்டும். ரூபியா போன்ற மெல்லிய துணிக்கு நீர்த்த கஞ்சி போட்டு உலர்த்தினால், வெட்டும்போதும் மடிக்கும்போதும் துணி நழுவாது.

பத்து பேர் பத்து விதமாகச் சொல்லும் கருவிப் பட்டியலுக்குள் நான் போகவில்லை. ரோட்டரி கட்டர் என்னும் சக்கரக் கத்தியும் அதற்குரிய விரிப்பும், கால் அங்குலக் கோடுகள் உள்ள ஒளிபுகும் ஸ்கேலும் இருந்தால் வேலை விரைவாகும். இல்லாவிட்டால் கூரான கத்தரிக்கோலும் பென்சிலும் பள்ளிக்கூட ஸ்கேலும் கொண்டே தைத்துவிடலாம். இவற்றோடு மெல்லிய குண்டூசிகளும், தையல் பிரிக்கும் ரிப்பரும், ஒரு பழைய தபால் அட்டையும் இருந்தால் போதும்.

முதல் கட்டம்: சதுரத்துக்குள் சாய்ந்த சதுரம்

முதல் பயிற்சிக்கு ஐந்தே துண்டுகள் கொண்ட ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம்: தைத்து முடித்தபின் 4 அங்குலம் இருக்கும் ஒரு சதுரம், அதற்குள் மூலை மேலும் கீழுமாக நிற்கும் இன்னொரு சதுரம், நான்கு மூலைகளில் நான்கு முக்கோணங்கள். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தாள் துணியின் உள்பக்கத்தில் ஒட்டுவதால், நாம் தாளில் வரையும் உருவம் துணியின் நல்ல பக்கத்தில் இடம் வலம் மாறிக் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். இந்தக் கட்டம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் முதல் முயற்சியில் அந்தக் குழப்பம் குறுக்கிடாது.

ஃப்ரீசர் பேப்பரின் மங்கலான பக்கத்தில் 4½ அங்குலச் சதுரம் ஒன்றை வரையுங்கள். அதற்குள் எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தள்ளி இன்னொரு சதுரம் வரைந்தால் அது சரியாக 4 அங்குலம் இருக்கும், இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டைதான் தையல் ஓரம். உள்சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 2 அங்குலத்தில் நடுப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த நடுப்புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். இந்த நான்கு கோடுகளும் உள்சதுரத்தோடு நின்றுவிடாமல் வெளிச்சதுரத்தின் விளிம்புவரை நீள வேண்டும். தையல் அந்த விளிம்புவரை போனால்தான் முனை பிரியாமல் நிற்கும். நடுச்சதுரத்துக்கு 1 என்று எண் இடுங்கள், எதிரெதிர் மூலைகளுக்கு 2, 3 என்றும், மற்ற இரண்டு மூலைகளுக்கு 4, 5 என்றும் இட்டு, வெளிச்சதுரக் கோட்டில் வெட்டி எடுங்கள். எண்கள்தான் தைக்கும் வரிசை.

பிரின்டரில் அச்சடிக்க விரும்புபவர்கள் ஏ4 அளவில் வெட்டிய தாளை இங்க்ஜெட் பிரின்டரில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். லேசர் பிரின்டரும் ஜெராக்ஸ் மெஷினும் உள்ளே சூடாவதால் பூச்சு உருகி மெஷினையே கெடுத்துவிடும். அளவு நூறு சதவீதம் என்று வைத்து, பக்கத்தின் ஓரத்தில் ஒரு அங்குலச் சதுரத்தையும் சேர்த்து அச்சடித்து, அதை ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

இனி இந்த முறையின் உயிரான வேலை. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவின் முனையால் அழுத்திக் கீறி, தபால் அட்டையைக் கோட்டோடு பிடித்துக்கொண்டு தாளை அதன் மேல் மடித்து, நகத்தால் நீவிவிடுங்கள். பிறகு விரித்து எதிர்ப்பக்கமும் மடியுங்கள். நான்கு கோடுகளும் தயக்கமில்லாமல் இரண்டு பக்கமும் மடிய வேண்டும். துணியை ஒட்டிய பிறகு மடிப்பு கோட்டைவிட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் தையல் அதே அளவு விலகும், எத்தனை கவனமாகத் தைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வகுப்பில் புதியவர்கள் அவசரப்படும் இடம் இதுவே. பத்து நிமிடம் இங்கே செலவழித்தால் பின்னால் தையல் பிரிக்கும் வேலை வராது.

ஒரு கட்டத்துக்கு வேண்டிய துணி இவ்வளவு: நடுவுக்கு 3¾ அங்குலச் சதுரம் ஒன்று, மூலைகளுக்கு 3½ அங்குலச் சதுரங்கள் இரண்டு, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். தேவையைவிடச் சற்றுப் பெரிதாகவே இந்த அளவுகளைச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் இந்த முறையில் மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சதுரத்தைக் குறுக்கே வெட்டி முக்கோணம் எடுப்பதால், முக்கோணத்தின் நீண்ட பக்கம் கிராஸாகவும், கட்டத்தின் வெளிவிளிம்பாக அமையப் போகும் இரண்டு குட்டைப் பக்கங்கள் நேர் இழையாகவும் இருக்கும். கட்டத்தின் வெளிவிளிம்பு நேர் இழையில் இருந்தால் அது இழுபடாது. பதினாறு கட்டங்களுக்கு, 36 அங்குல அகலத் துணியில் நடுவுக்குக் கால் மீட்டரும் மூலைகளுக்கு அரை மீட்டரும் தாராளமாகப் போதும். பதினாறும் சேர்ந்தால் 16 அங்குலக் குஷன் உறைக்கு ஒரு முகம் ஆகிவிடும்.

ஒட்டுதல், மடித்தல், தைத்தல்

இஸ்திரிப் பெட்டியில் நீராவியை நிறுத்திவிட்டு, பருத்திக்குரிய சூட்டுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை மும்பை மழையில் வீட்டுக்குள் மடித்து வைத்த துணியே ஈரப்பதம் ஏறிக் கிடக்கும், அப்படியே ஒட்டினால் தாள் ஒரு நிமிடத்தில் கழன்றுவிடும். எனவே துணியை முதலில் தனியாகத் தேய்த்து ஈரம் போக்கிக்கொள்ளுங்கள். தாள்களையும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருங்கள். பஞ்சு மெத்தென்ற விரிப்பைவிட, மேசைமேல் ஒரே ஒரு மடிப்புத் துணி விரித்த கடினமான பரப்பில்தான் தாள் நன்றாக ஒட்டும்.

நடுச்சதுரத் துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி வைத்து, அதன் மேல் மாதிரித் தாளைப் பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். 1 என்று எழுதிய பகுதியைச் சுற்றி எல்லாப் பக்கமும் துணி கால் அங்குலத்துக்குக் குறையாமல் வெளியே நீள்கிறதா என்பதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 1 என்ற பகுதியின் மேல் மட்டும் பெட்டியை இரண்டு மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்தினால் போதும். 

அடுத்து, 1-க்கும் 2-க்கும் இடையிலுள்ள கோட்டில் தாளைப் பின்னுக்கு மடியுங்கள். கோட்டைத் தாண்டியும் துணி தாளில் சிறிது ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் மெதுவாக உரித்துவிட்டு மடிக்க வேண்டும். இப்போது மடிப்புக்கு வெளியே முதல் துணியின் ஓரம் தெரியும். ஸ்கேலின் கால் அங்குலக் கோட்டை மடிப்பின் மேல் பொருத்தி, வெளியே நீளும் துணியை அளவாக வெட்டுங்கள். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு அடுத்த துணியை வைப்பதால், அதை எங்கே வைப்பது என்ற குழப்பமே வருவதில்லை: வெட்டிய விளிம்போடு விளிம்பு சேர்த்தால் முடிந்தது.

மூலை முக்கோணத்தை நல்ல பக்கம் மேலே பார்க்க மேசையில் வையுங்கள். அதன் மேல், தாள் ஒட்டிய முதல் துணியை நல்ல பக்கம் கீழே பார்க்க வைத்து, முக்கோணத்தின் நீண்ட விளிம்பும் இப்போது வெட்டிய விளிம்பும் ஒன்றாக நிற்கும்படி சேருங்கள். இரண்டின் நடுவையும் விரலால் மடித்துக் குறி வைத்துக்கொண்டால் முக்கோணம் ஒரு பக்கமாக ஒதுங்காது. இரண்டு குண்டூசிகள் போதும்.

மெஷினில் 11 அல்லது 14 எண் ஊசியைப் போட்டு, தையல் நீளத்தை 2 முதல் 2.5 மில்லிமீட்டருக்குள், அதாவது அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் என்ற கணக்கில் வையுங்கள். தாள் மேலே தெரியும்படி துணியை நுழைத்து, மடிப்பின் விளிம்பை ஒட்டி, தாளில் ஊசி ஏறாமல், ஒரே ஓர் இழை இடைவெளியில் தைத்துக்கொண்டு போங்கள். அந்த ஓர் இழை இடைவெளி வேண்டும், ஏனென்றால் துணியைத் திருப்பும்போது அதன் கனம் அவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும். தையல் தாளின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை முழுதாகப் போக வேண்டும். ஊசி எங்காவது தாளைக் குத்திவிட்டால் பதற்றப்பட ஒன்றுமில்லை: இரண்டு மூன்று தையல் என்றால் தாளை மெல்ல இழுத்து விடுவித்துக்கொள்ளலாம், நீளமாக ஏறியிருந்தால் பிரித்துத் தைப்பதே நல்லது. மடிப்பிலிருந்து தையல் 2 மில்லிமீட்டர் விலகிப் போயிருந்தாலும் பிரித்துவிடுங்கள், அந்த விலகல் நாலு பக்கமும் சேர்ந்தால் நடுச்சதுரம் கோணிவிடும்.

மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம் என்பது இந்த முறையின் இன்னொரு நன்மை. ஊசி தாளைக் குத்த வேண்டியதில்லை என்பதால், மடிப்பை ஒட்டிச் சின்ன ஓட்டுத்தையல் போட்டு, அங்குலத்துக்கு ஒரு முறை பின்தையல் போட்டுக்கொண்டு போனால் உறுதியாக நிற்கும். மகாராஷ்டிரத்தில் பழைய புடவைகளை அடுக்கி கோதடி தைக்கும் பெண்கள் போடுவதும் ஓட்டுத்தையல்தான், பல வருடம் துவைத்துப் போர்த்தும் கோதடிகளைப் பார்த்தவர்கள் கைத்தையலின் வலிமையைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

தைத்தபின் தாளை விரித்து, துணியைத் திருப்பி, தையலின் மேல் நகத்தால் நீவிவிடுங்கள். முக்கோணம் தையலை ஒட்டி முழுதாகத் திறந்திருக்க வேண்டும், உள்ளே ஒரு மடிப்பு பதுங்கியிருந்தாலும் கட்டம் சிறுத்துவிடும். பிறகு துணி கீழும் தாளின் மங்கலான பக்கம் மேலுமாக வைத்து, 2 என்ற பகுதியின் மேல் அழுத்தினால் முக்கோணமும் தாளில் ஒட்டிக்கொள்ளும். இந்த முறையில் தையல் ஓரம் எப்போதும் புதிதாகச் சேர்த்த துணியின் பக்கமே சாயும். அதனால்தான் முன்பு சொன்ன நிழல் சிக்கல் வருகிறது: நடு கருநீலமாகவும் மூலை வெளிர் மஞ்சளாகவும் இருந்தால், கருநீல ஓரம் மஞ்சளின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். திருப்பி அழுத்துவதற்கு முன் கருநீல ஓரத்தை மட்டும் இரண்டு இழை அளவு குறைத்து வெட்டிவிட்டால், மஞ்சளின் சொந்த ஓரமே அதை மறைத்துவிடும்.

3, 4, 5 மூன்றுக்கும் இதே வரிசை: மடி, வெட்டு, வை, தை, திருப்பு, அழுத்து. 4 என்று எண் இட்ட மூலைக்கு வரும்போது, ஏற்கனவே ஒட்டிய முக்கோணங்களின் நுனிகள் மடிப்புக் கோட்டைத் தாண்டி நிற்கும் என்பதால், அவற்றை அந்த இடத்தில் உரித்து, தாளை மட்டும் மடித்து, துணிகளைச் சேர்த்துக் கால் அங்குலத்தில் வெட்ட வேண்டும். இங்கே தாளோடு துணியையும் சேர்த்து மடித்துவிடுவது எளிதாக நடக்கும், மடித்த இடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டே மெஷினுக்குக் கொண்டுபோங்கள்.

ஓரம் வெட்டுவதும் இணைப்பதும்

ஐந்து துண்டுகளும் ஒட்டிய பிறகு, தாளின் வெளிவிளிம்புக்கு ஸ்கேலை வைத்து, மிஞ்சிய துணியை வெட்டினால் கட்டம் சரியாக 4½ அங்குலம் இருக்கும். சாய்ந்த சதுரத்தின் நான்கு முனைகளும் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே நிற்பதைப் பார்த்து, "முனை ஓரத்தைத் தொடவில்லையே" என்று சிலர் அந்த முனைவரை வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் பக்கத்துக் கட்டத்தோடு இணைக்கும்போது முனை தையலுக்குள் போய் மறைந்துவிடும். அந்தக் கால் அங்குலம் இருந்தால்தான் இணைத்தபின் முனை தையலின் மேல் கூராக வந்து நிற்கும்.

இரண்டு கட்டங்களை இணைக்கும்போது, முடிந்தவரை தாளை உரிக்காமலே நல்ல பக்கங்களைச் சேர்த்து வைத்து, ஒரு கட்டத்தின் முனையில் குண்டூசியைச் செங்குத்தாக இறக்கி, அது மறு கட்டத்தின் முனையில் வெளிவருகிறதா என்று பாருங்கள். அந்த ஊசியைச் சாய்க்காமல், இரண்டு பக்கமும் வேறு ஊசிகளைக் குத்திய பிறகே எடுக்க வேண்டும். தையல் ஓரத்தின் மேல் உள்ள தாளை மட்டும் உள்சதுரக் கோட்டில் மடித்துக்கொண்டால், அந்த மடிப்பே இணைப்புத் தையலுக்கும் வழிகாட்டும்.

பதினாறு கட்டங்களுக்குப் பதினாறு தாள் வேண்டுமா என்று கேட்கலாம். இந்தக் கட்டத்தில் வெளிவிளிம்பு நேர் இழையில் இருப்பதால், நான்கு தாள்களை வைத்துக்கொண்டு நான்கு நான்காகத் தைத்து, நான்கையும் ஒன்றோடொன்று இணைத்ததும் உரித்து மறுபடி பயன்படுத்தலாம். வெளிவிளிம்பு கிராஸில் அமையும் வேறு கட்டங்களுக்கு, அக்கம்பக்கத்துக் கட்டங்கள் நான்கு பக்கமும் இணையும்வரை தாள் இருந்தே ஆக வேண்டும். உரிக்கும்போது மூலையிலிருந்து தூக்காமல், நடுச்சதுரத்தின் பக்கத்திலிருந்து விரலை நுழைத்து, தையலுக்கு இணையாக உரித்தால் துணி இழுபடாது. ஒரு தாளைப் பூச்சு பிடிப்பிழக்கும்வரை மீண்டும் மீண்டும் ஒட்டலாம். பிடிப்பு குறைந்த பிறகும் அடுத்த தாளுக்கு அச்சாகப் பயன்படும்.

பூச்சு தவறி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிவிட்டால், பெட்டி மிதமான சூட்டில் இருக்கும்போதே, கையில் சூடு படாதபடி பல மடிப்பாக மடித்த பழைய பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். ஆறவிட்டுச் சுரண்டினால் பெட்டியின் அடிப்பரப்பில் கீறல் விழும்.

அடுத்து என்ன தைப்பது

சதுரத்துக்குள் சதுரம் கைவந்ததும், ஃப்ளையிங் கீஸ் என்னும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4 அங்குல அகலமும் 2 அங்குல உயரமுமான செவ்வகத்தில், நடுவே பெரிய முக்கோணம் 1, இரண்டு பக்கச் சிறு முக்கோணங்கள் 2, 3. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கை ஒரே நீளத் தாளில் வரைந்து, கீழிருந்து மேலாக எண் இட்டுத் தைத்தால், நீண்ட வரிசையில் மடிப்பது பழகிவிடும்.

அதற்குப் பிறகு பிரிவுகளாக வெட்டித் தைக்கும் படங்களுக்குப் போகலாம். ஒரு கோடு இன்னொரு கோட்டில் முட்டி நின்றுவிட்டால், அந்தப் படத்தை ஒரே தாளில் வரிசையாகத் தைக்க முடியாது. அதை அ, ஆ என்று பிரிவுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தைத்து, கடைசியில் சேர்க்க வேண்டும். மார்கழியில் வாசலில் போடும் கோலங்களில் நேர்கோட்டாலான நட்சத்திரக் கோலத்தைப் பார்த்து இதைத் தைக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. மிக நல்ல ஆசை அது, ஆனால் ஆறுமுனை நட்சத்திரமே பிரிவுகளைக் கேட்கும். சிக்குக் கோலத்தின் வளைவுகளுக்கோ இந்த முறை பொருந்தாது, ஏனென்றால் தாள் நேர்கோட்டில்தான் மடியும்.

இடமும் வலமும் வேறுபடும் படங்களை, குறிப்பாகப் பறவை, வீடு, எழுத்து போன்றவற்றைத் தைக்கும்போது, மூலப்படத்தை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி, அதன் மேல் ஃப்ரீசர் பேப்பரை மங்கலான பக்கம் உங்களைப் பார்க்க வைத்து வரைந்துகொள்ளுங்கள். பிரிவுகளை வெட்டுவதற்கு முன், எல்லாப் பிரிவுகளையும் கடந்து போகும்படி இரண்டு மூன்று இடங்களில் வண்ணப் பென்சிலால் சிறு கோடுகள் போட்டு வைத்தால், சேர்க்கும்போது எந்த விளிம்பு எதோடு சேர வேண்டும் என்பது அந்தக் கோடுகள் மறுபடி பொருந்துவதிலிருந்தே தெரிந்துவிடும். ஒவ்வொரு பகுதியிலும் எண்ணோடு துணியின் நிறத்தையும் எழுதி, பயன்படுத்தி முடித்த தாள்களை மடிக்காமல் ஒரு ஃபைல் உறையில் தட்டையாக அடுக்கி வையுங்கள்.